மீன் பாசிக் குத்தகை

எங்க ஊர்க் கண்மாய்க்கு மடை திறந்துவிட்டவர் எங்க தாத்தா. வெள்ளம் வந்து கரை உடையப் போகுதுன்னா ராத்திரியோடு ராத்திரியா மண் மூட்டை சுமந்து அடைச்சதும் எங்க தெரு ஆட்கள்தான். ஆனா தண்ணி வத்தி மீன் பாசிக் குத்தகையை ஏலம் விடும்போது எங்களுக்கு ஒரே ஒரு வேலைதான் உண்டு: தமுக்கடிப்பது. எங்கப்பா தெருத்தெருவா அடிச்சு, "பொழுதுசாய மந்தையில ஏலமுங்கோ"ன்னு சொல்லிட்டு வந்து, மந்தைக்கு வெளியே மண்ணில் உக்காந்திருப்பார். அவர் ஏலம் கேட்க முடியாது.

அழிகண்மாய் விடும் அன்னைக்கும் அப்படித்தான். ஊர்க்காரர்கள் ஊத்தா போட்டு விராலும் கெண்டையும் அள்ளிக் கரையேறின பிறகு, நாங்க இறங்கிச் சேத்தைத் தடவிக் கெளுத்தி பொறுக்குவோம். கெளுத்தி முள் குத்தி ராத்திரியெல்லாம் அழுதது எனக்கு ஞாபகம் இருக்கு. குத்தகைப் பணமும் புளியமர ஏலப் பணமும் கோயில் கணக்கில் சேரும். அந்தக் கோயிலுக்குள்ளும் எங்களுக்கு இடமில்லை.

இது ஊர் வழக்கம், யாரும் மாத்த முடியாதுன்னுதான் நாங்களும் நம்பியிருந்தோம்.

1993-இல் அரசியல் சட்டத்தின் 73-ஆவது திருத்தம் நடைமுறைக்கு வந்தது. அதை ஒட்டி 1994-இல் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் வந்தது. 1996 அக்டோபரில் தேர்தல். எங்க ஊராட்சித் தலைவர் பதவியைத் தாழ்த்தப்பட்ட பெண்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி மாதிரி யாரையும் மனுப்போட விடாமல் எங்க ஊரில் தடுக்கவில்லை. அம்பலம் அதைவிட விவரமானவர். தன் வயலில் நாத்து நடும் எங்க அத்தையைக் கூப்பிட்டு, "நீ நில்லாத்தா, மத்ததை நாங்க பாத்துக்கிறோம்" என்றார். அத்தை ஜெயித்தார். துணைத்தலைவர் பதவிக்கு ஒதுக்கீடு இல்லை. அது அம்பலத்தின் தம்பிக்குப் போனது.

ஊராட்சி ஆபீசில் நாற்காலி துணைத்தலைவருக்கு. அத்தை வாசப்படிக்குக் கீழே நின்று, நோட்டு வெளியே வந்தால் கையெழுத்துப் போடுவார். அஞ்சாவது வரைக்கும் படிச்சவர், எழுத்துக்கூட்டி வாசிப்பார். நான் மதுரையில் அந்தச் சட்டப் புத்தகத்தை வாங்கிட்டு வந்து சிம்னி விளக்கு வெளிச்சத்தில் அவருக்குப் படிச்சுக் காட்டினேன். ஊராட்சியைச் சேர்ந்த கண்மாய் மீன், புறம்போக்கு மரத்துப் பலன் எல்லாம் ஊராட்சி வருமானம் என்று சொன்னதும், "அப்ப கோயில் கணக்குல வச்சது யார் காசுடா?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. அவருக்கே தெரிந்திருந்தது.

1997 ஜூன் 30-இல் மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனையும் உடன் வந்தவர்களையும் பஸ்ஸை மறித்து வெட்டிக் கொன்றார்கள். அதுவும் ஒதுக்கப்பட்ட ஊராட்சிதான். சேதி கேட்ட அன்னைக்கு எங்க தெருவில் யாரும் அடுப்புப் பத்தவைக்கவில்லை. "ராசினாமா எழுதிக் குடுத்துட்டு வந்துரு" என்று மாமா அழுதார். அத்தை ஒன்றும் பேசவில்லை.

அடுத்த வருஷம் மாசி மாதம், குத்தகை ஏலம் ஊராட்சி ஆபீஸ் முன்னால் நடக்கும் என்று அத்தை நோட்டீஸ் எழுதி ஒட்டச் சொன்னார். அம்பலம் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்.

"என்னத்தா, ஏலம் நீ விடப்போறியாமே?"

"சட்டத்துல அப்படித்தாங்கய்யா இருக்கு."

"சட்டமா உனக்குக் கஞ்சி ஊத்துச்சு?"

"இல்லைங்கய்யா. நாங்கதான் உழைச்சுக் குடிச்சோம்."

அதைச் சொல்லும்போது கை கால் எல்லாம் ஆடுச்சுன்னு அத்தை எங்களிடம் சொல்லியிருக்கார். மறுநாளிலிருந்து எங்க தெருவுக்கு வயல் வேலை இல்லை. கடையில் அரிசி கடன் கிடையாது. ஏலத்துக்கு ஊர்க்காரர் ஒருவரும் வரவில்லை. எங்க தெருவில் 23 வீடும் காசு சேர்த்து, தோடு மூக்குத்தி அடகு வைத்து, 4,200 ரூபாய்க்கு ஏலம் எடுத்தோம். எங்கப்பா முதல்முதலா வாய் திறந்து ஒரு தொகை கேட்டார். அதற்குமுன் தமுக்கடிச்சதும் அவர்தான்.

அந்த வருஷம் நாங்க முதலில் கண்மாயில் இறங்கினோம். எல்லா வீட்டிலும் விரால் குழம்பு. ஆனால் வித்த மீன் அடகை மீட்கப் பத்தவில்லை என்பதையும் சொல்லவேண்டும்.

4,200 ரூபாய் ரசீது போட்டு ஊராட்சிக் கணக்கில் சேர்ந்தது. எங்க சுடுகாட்டுக்குப் பாதை இல்லை. மழைக்காலத்தில் பிணத்தைத் தூக்கிக்கிட்டு இடுப்பளவு தண்ணியில் போவோம். அந்தப் பாதைக்கு மண் அடிக்கணும் என்பது அத்தையின் ஆசை. ஆனால் ஊராட்சிச் செக்கில் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போடணும். அம்பலத்தின் தம்பி போடவில்லை. அதிகாரிகளிடம் மனு கொடுத்தோம். "உங்களுக்குள்ள பேசித் தீத்துக்குங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். 2001 வரை அந்தப் பணம் பேங்கிலேயே கிடந்தது.

அடுத்த தேர்தலில் அத்தையை நிற்கவிடவில்லை. எங்க தெருவிலேயே வேறொருத்தரை நிறுத்தினார்கள். ஏலம் மறுபடி மந்தைக்குப் போனது. அத்தை செத்தபோது ஐப்பசி மழை. அவரையும் தண்ணியில்தான் தூக்கிக்கிட்டுப் போனோம்.

சட்டம் எங்களுக்கு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லமாட்டேன். சட்டம் இல்லாமல் அத்தை அந்த வார்த்தையைச் சொல்லியிருக்க முடியாது. தலைவர் நாற்காலியை எங்களுக்கு ஒதுக்கிய சட்டம், செக்கின் இன்னொரு கையெழுத்தை யாரிடம் விட்டது என்பதுதான் என் கேள்வி. துணைத்தலைவருக்கும் ஒதுக்கீடு வேணும்னு கேட்கணும். அதுவரைக்கும் கிராம சபை இருக்கு. 4 நாளாக இருந்தது 2022-லிருந்து வருஷத்துக்கு 6 நாள் என்று ஆகியிருக்கிறது. கூட்டம் முடிஞ்சபிறகு வீட்டுக்கு வரும் நோட்டில் கையெழுத்துப் போடாதீங்க. நேரில் போய் உக்காருங்க. கண்மாய் மீன் எவ்வளவுக்குப் போச்சு, புளியமரம் எவ்வளவுக்குப் போச்சு, பணம் எந்தக் கணக்கில் இருக்குன்னு கேளுங்க. மடை திறந்தவன் பேரனுக்கு அதைக் கேட்க உரிமை உண்டு.