ஐந்து காலிக் கட்டங்கள்

குடியை விட்டு 97 நாள் ஆகியிருந்தது. மாதக் காலண்டரில் ஒவ்வொரு கட்டத்திலும் சிவப்பு மையில் ஒரு டிக். கணக்கெழுதுவது என் தொழில். ஒரு ரூபாய் உதைத்தாலும் எனக்குத் தூக்கம் வராது.

98ஆம் நாள், ஒரு கல்யாண வீட்டில் குடித்தேன். ஒரு குவார்ட்டர்தான். அதோடு நின்றிருக்கலாம். 'எல்லாம் போச்சு, இனிமே எவ்வளவு குடிச்சா என்ன' என்ற நினைப்புதான் ஐந்து நாள் குடிக்க வைத்தது. ஆலன் மார்லட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1980களில் இதைத்தான் எழுதினார்: சறுக்கியவன் தன்னைத் தோற்றவன் என்று முடிவுகட்டும்போது, சறுக்கல் முழு வீழ்ச்சியாகிறது. காலண்டரைக் கிழித்துப் போட்டேன். மனைவி ஒன்றும் பேசாமல் துண்டுகளைப் பொறுக்கினாள்.

குடியை நிறுத்திய மூன்றாம் நாள் பௌர்ணமி. திருவண்ணாமலைக்குப் போனேன். 14 கிலோமீட்டரும் உட்காராமல் நடந்தால் கறை போய்விடும் என்று ஒரு கணக்கு. அக்னி லிங்கம் தாண்டி ரமணாசிரம வாசலுக்கு வரும்போதே கால் பிடித்துக்கொண்டது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

"உக்காந்துட்டேன்மா. கோயிலுக்கே திரும்பிப் போய் முதல்லேருந்து நடக்கணும்" என்றேன்.

டீ போட்ட அம்மா சிரித்தார். "எதுக்குத் தம்பி? உக்காந்த எடத்துலேருந்து எந்திரிச்சு நடங்க. நடந்த தூரம் எங்க போயிடும்?"

ரமணரே அன்பர்களோடு வலம் வந்த காலத்தில் வழியில் தங்கி, சாப்பிட்டு, மெதுவாகத்தான் நடந்திருக்கிறார். நான் மட்டும் எதற்கு ஓடினேன்?

அதற்கப்புறம் ஏழு இடத்தில் உட்கார்ந்தேன். முடிக்கும்போது விடிந்துவிட்டது.

மறுவாரம் கூட்டத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். 1935இல் அமெரிக்காவில் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பின் கூட்டம் அது. அதன் 12 படிகளில் பத்தாவது, தப்பே செய்யாதே என்று கேட்பதில்லை. உன்னையே தொடர்ந்து கணக்குப் பார், தப்பென்றால் உடனே ஒத்துக்கொள் என்கிறது. பல தடவை கேட்டதுதான், அன்றைக்குத்தான் உறைத்தது. பேரேட்டில் தப்பு வந்தால் நாங்களும் பக்கத்தைக் கிழிப்பதில்லை. திருத்தப் பதிவு போட்டு அடுத்த வரிக்குப் போகிறோம். இது தெரிந்த நான்தான் காலண்டரைக் கிழித்தவன்.

வீட்டில் அவள் துண்டுகளை டேப் போட்டு ஒட்டி வைத்திருந்தாள். 97 டிக்கும் அப்படியே இருந்தன. அடுத்த ஐந்து கட்டங்களைக் காலியாகவே விட்டேன். ஆறாவதிலிருந்து டிக் போட்டேன்.

"பேனா எழுதுதா?" என்று கேட்டாள். கல்யாண வீட்டுக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை.