எதிர்முனையில் யார்?

நவி மும்பை வாஷியில் குடியிருந்துகொண்டு சென்னை சூப்பர் கிங்ஸுக்குக் கத்துவது, மாட்டுங்கா, செம்பூரிலிருந்து பாலம் தாண்டி வந்த தமிழ்க் குடும்பங்கள் கூடவே கொண்டுவந்த வியாதி. எதிர்வீட்டு மராட்டியக் காகாவுக்கு இது பிடிபடுவதே இல்லை. "சாப்பிடுறது இங்க, கூச்சல் மட்டும் சென்னைக்கா?" என்பார்.

2022இல் ஐ.பி.எல். லீக் ஆட்டங்கள் எல்லாமே மும்பையிலும் புனேயிலும்தான். எங்களுக்கு ரயிலில் சான்பாடா, ஜூயிநகர், அடுத்து நெரூல், இறங்கினால் டி.ஒய். பாட்டீல் மைதானம். நடப்புச் சாம்பியனாக வந்த சென்னையிடம் டூப்ளெஸி இல்லை. பிப்ரவரி ஏலத்தில் பெங்களூரு 7 கோடிக்குத் தூக்கிவிட்டது. முந்தைய ஆண்டு சென்னையின் தொடக்க ஜோடியில் ருதுராஜ் 635 ரன், டூப்ளெஸி 633.

அந்த 633ஐ இனி யார் அடிப்பார்கள் என்பதுதான் எங்கள் பேச்சு. ருதுராஜின் ரன்னும் சேர்ந்து போகும் என்று யாருக்கும் தோன்றவில்லை. நின்று நிதானிக்கிற ஆள் அவர். எதிர்முனையில் ஒருவர் ரன் விகிதத்தைப் பார்த்துக்கொண்டால்தான் அந்த நிதானம் கட்டுபடியாகும். முதல் மூன்று ஆட்டத்தில் ருதுராஜ் எடுத்தது 0, 1, 1. நடுவரிசை ஆட்கள் பவர்பிளேயிலேயே பேடு கட்டி ஓடிவந்தார்கள். வரிசையாக நாலு தோல்வி.

பெரிய கை போனால் அணி படுத்தே தீரும் என்றும் இல்லை. 2011இல் பேஸ்பால் உலகத் தொடரை வென்ற செயின்ட் லூயிஸ் அணியைவிட்டு ஆல்பர்ட் புஜோல்ஸ் போனார். கையோடு கார்லோஸ் பெல்ட்ரானைப் பிடித்துப்போட்டார்கள், மறுவருஷம் அடியில் குறைவில்லை. சென்னையிடமும் தொடக்கத்தில் இறங்க டெவன் கான்வே இருந்தார். முதல் ஆட்டத்தில் 3 ரன்னில் அவுட்டானவரை உட்காரவைத்துவிட்டார்கள். அவசரப் புத்தி.

ஏப்ரல் 12, நெரூல். எதிரணிக் கேப்டன் டூப்ளெஸியேதான்! ருதுராஜ் 17இல் கிளம்ப, உத்தப்பா 88, ஷிவம் துபே ஆட்டமிழக்காமல் 95, மொத்தம் 216. முதல் வெற்றி. துபே மும்பைப் பையன். காகா கதவைத் தட்டி, "ஆம்ச்சா முல்கா, எங்க பையன்!" என்றார். "ருதுராஜும் புனேக்காரன்தான். உங்க ஊர் ஆளுங்க யாரு?" என்று கொசுறு வேறு.

மே 1, புனேயில் கான்வே திரும்ப இறங்கினார். முதல் விக்கெட்டுக்கு 182, ருதுராஜ் 99. துணை கிடைத்ததும் பழைய ருதுராஜ். ஆனால் காலம் கடந்துவிட்டது. சென்னை ஒன்பதாவது, மும்பை பத்தாவது. அந்த மே மாதம் காகா கிரிக்கெட் பேச்சையே எடுக்கவில்லை.