விரல் நுனியில் ஒரு புதிர்

உடலில் ஒரு கட்டி தென்பட்டால் போதும், மக்கள் மனம் உடனே புற்றுநோயை எண்ணி நடுங்குகிறது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் அல்லவா? உண்மையில், கொழுப்பு, தசை, நரம்பு, இரத்தக்குழாய் முதலிய மென்திசுக்களில் தோன்றும் கட்டிகளுள் மிகப் பெரும்பாலானவை தீங்கற்றவை. அவை பிற உறுப்புகளுக்குப் பரவுவதில்லை.

இவற்றுள் பரவலாகக் காணப்படுவது கொழுப்புக்கட்டி. முதுகு, தோள், கழுத்து ஆகிய இடங்களில் தோன்றும் இக்கட்டி, அழுத்தினால் மெத்தென்று நழுவும், பெரும்பாலும் வலிக்காது. நாக்கிலோ உள்ளங்கையிலோ இது தோன்றுவது அரிது. இடம் மாறினால் தொல்லையும் மாறும். முதுகில் பல்லாண்டு பேசாமல் கிடக்கும் கட்டி, உள்ளங்கையில் நரம்பை அழுத்தினால் விரல்கள் மரத்துப்போகும்.

இன்னும் அரிதான ஒன்று நகத்தடியில் ஒளிந்திருக்கும். ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் தையல் வேலை செய்யும் ஒரு பெண்மணியை எண்ணிப் பாருங்கள். அவர் விரலில் காயமில்லை, வீக்கமுமில்லை. ஆயினும், ஊசியைப் பிடித்தால் உயிர்போகும் வலி. ஐஸ் நீர் பட்டால் கண்ணீர் வந்துவிடும். “ஒன்றுமில்லாததற்கு ஏன் இந்த ஆர்ப்பாட்டம்?” என வீட்டார் கேட்டால், அச்சொல் வலியைவிட அதிகமாக அவரை வருத்தும்.

அவருக்கு இருப்பது ‘குளோமஸ்’ கட்டியாக இருக்கலாம். தோலின் வெப்பத்தைச் சீராக்க இரத்தவோட்டத்தைக் கட்டுப்படுத்தும் நுண்ணிய அமைப்பிலிருந்து அது வளர்கிறது. பெரும்பாலும் 1 சென்டிமீட்டரைக்கூட எட்டாது. ஆனால், கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது! ஸ்காட்லாந்து மருத்துவர் வில்லியம் வூட் 1812இல் இத்தகைய வலிமிகுந்த சிறு கட்டிகளைப் பற்றி எழுதினார். அவற்றின் தோற்றத்தை 1924இல் பியேர் மாசோன் விளக்கினார். குண்டூசியின் தலைப்பகுதியால் மருத்துவர் நகத்தின்மேல் மெல்ல அழுத்திப் பார்ப்பார். ஒரே ஒரு புள்ளியில் மட்டும் வலி சுரீரென்று தெறிக்கும். அறுவை சிகிச்சையில் கட்டியை முழுமையாக அகற்றினால், பெரும்பாலோருக்கு வலி நீங்கிவிடும்.

எனினும், எல்லாக் கட்டிகளையும் அலட்சியப்படுத்தலாகாது. 5 சென்டிமீட்டருக்கு மேற்பட்டது, விரைவாக வளர்வது, ஆழத்தில் இருப்பது, அகற்றியபின் மீண்டும் தோன்றுவது ஆகியவற்றை உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். தடவிப் பார்த்து மட்டுமே முடிவு கூற இயலாத நிலையில், திசுப் பரிசோதனை உண்மையை உரைக்கும். அரசாங்கச் சுகாதார கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் 1 ரிங்கிட்தான். தேவைப்பட்டால், அங்கிருந்து ரெசிடென்சி சாலையிலுள்ள பினாங்கு மருத்துவமனைக்கு அனுப்பிவைப்பர்.

அச்சத்தால் கட்டியை மறைப்பவர்களும் உண்டு. கண்ணுக்குத் தெரியாததால் பிறர் வலியை நம்ப மறுப்பவர்களும் உண்டு. “வலிக்கிறது” என்று ஒருவர் சொன்னால், அவரைக் கேலி செய்யாமல் கிளினிக்கிற்கு அழைத்துச் செல்வதே குடும்பத்தார் செய்யக்கூடிய முதல் உதவி.