பக்கத்து சீட்டில் பசிபிக் கடல்... கலிஃபோர்னியாவில் கம்பத்துத் தம்பதியின் 3 நாள் கார் பயணம்!

கலிஃபோர்னியாவின் ஹைவே 1 சாலையில் வடக்கிலிருந்து தெற்கே போவதுதான் நல்லது என்பார்கள். அமெரிக்காவில் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடும், ஸ்டியரிங் இடப்பக்கம் இருக்கும். தெற்கே போனால் பசிபிக் கடலும் வலப்பக்கம் வரும். ஆக, ஓட்டுபவருக்குச் சாலை, பக்கத்தில் இருப்பவருக்குக் கடல்!

கம்பத்தில் இருக்கும் என் பெரியப்பா, குமுளி மலைப்பாதையில் அரசு பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். அத்தனை வருடத்தில் பெரியம்மா அந்த பஸ்ஸில் ஏறியது சில தடவைதான். அதுவும் பின்னால், பெண்கள் சீட்டில், டிக்கெட் எடுத்து. 2019 செப்டம்பரில் சான் ஹோசேயில் இருக்கும் மகளைப் பார்க்கப் போனவர்கள், வாடகைக் காரில் இருவர் மட்டும் கிளம்பினார்கள். (சுற்றுலா வருபவர்கள் சொந்த நாட்டு லைசென்ஸிலேயே அங்கே ஓட்டலாம். வாடகை நிறுவனங்கள் இன்டர்நேஷனல் பெர்மிட்டும் கேட்பதுண்டு.) "நான் சொல்ற இடத்துல எல்லாம் நிறுத்தணுங்க" என்பது பெரியம்மாவின் ஒரே நிபந்தனை. ஒரே நாளில் முடிகிற வழிக்கு மூன்று நாள் ஆனது அதனால்தான்.

மான்டரே, கார்மெல் ஊர்களைத் தாண்டியதும் பிக் சர் மலைக்கரை. முதல் நிறுத்தம் பிக்ஸ்பி பாலம். 260 அடிக்கு மேல் உயரம், ஒற்றைக் கான்கிரீட் வளைவு. 1932-லேயே பாலம் கட்டிவிட்டார்கள். சாலை முழுதாகத் திறந்ததோ 1937-ல். கைதிகளையும் வைத்துப் போட்ட சாலை இது. "ஹேர்பின் வளைவு இல்ல. ஆனா கண்ணை எடுக்க முடியாது" என்று பெரியப்பா சொல்ல, "நீங்க எடுக்க வேணாம், நான் பார்த்துச் சொல்றேன்" என்றாராம் பெரியம்மா. மெக்வே அருவி கடற்கரை மணலில் விழுவதையும் அவர்தான் முதலில் பார்த்திருக்கிறார்.

இந்தச் சாலையை நம்பி மட்டும் கிளம்பக் கூடாது. 2017 மே மாதம் மட் க்ரீக் என்ற இடத்தில் மலையே சரிந்து, சுமார் 400 மீட்டர் சாலை மண்ணுக்குள் போனது. சரிந்த மண் மேலேயே புதுச் சாலை போட்டுத் திறக்க 2018 ஜூலை ஆனது. அதன் பிறகு 2021-லும் 2023-லும் வேறு இடங்களில் சரிவு. இவர்கள் போனது நல்ல இடைவெளியில். கிளம்பும் முன் சாலை திறந்திருக்கிறதா என்று பார்த்து, டேங்கையும் நிரப்பிவிடுங்கள். பிக் சரில் பெட்ரோல் பங்க் குறைவு, செல்போன் சிக்னல் பெரும்பாலும் இருக்காது.

சான் சிமியோன் அருகே பியட்ராஸ் ப்ளாங்காஸில் யானை சீல்கள் மணலில் கிடக்கும். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று இலவசமாகப் பார்க்கலாம்.

கேம்ப்ரியா தாண்டி, கடலை விட்டு 46-ம் எண் சாலையில் மலை ஏறினால் பாசோ ரோப்லெஸ். 200-க்கும் மேற்பட்ட ஒயின் ஆலைகள் உள்ள ஊர். பகலில் நல்ல வெயில். மாலையானால் மலை இடுக்குகள் வழியாகக் கடல் காற்று புகுந்து சட்டென்று குளிர்ந்துவிடும். திராட்சையில் இனிப்போடு புளிப்பும் தங்குவது அந்தக் குளிரால்தான்.

இங்கே பெரியம்மாதான் நிபுணர். சின்ன வயதிலிருந்து பன்னீர் திராட்சைத் தோட்டங்களில் வேலை பார்த்தவர். கம்பத்தில் கொடி தலைக்கு மேல் பந்தலில் ஓடும். அண்ணாந்தபடியே பழம் வெட்டிக் கழுத்து வலித்த கதையை அவர் சொல்லாத நாளில்லை. பாசோவிலோ கொடிகள் கம்பியில் வரிசையாக, இடுப்பு உயரத்தில் நின்றன. சில பழைய தோட்டங்களில் கம்பியும் இல்லை, பாசனமும் இல்லை. குத்துச்செடி போல மழையை மட்டும் நம்பி நிற்கின்றன. கம்பத்தில் ஆண்டு முழுவதும் அறுவடை, இங்கே ஒரே ஒரு முறை. தோட்ட ஊழியர் பறித்துக் கொடுத்த பழத்தை வாயில் போட்டுப் பார்த்து, "தோல் தடிமன், கொட்டை ஜாஸ்தி, ஆனா சர்க்கரை" என்று தீர்ப்பு சொன்னார். அந்த ஊழியர் மகளுக்கு போன் போடச் சொல்லி, மொழிபெயர்க்க வைத்து, கவாத்து பற்றி அரை மணி நேரம் பேசியிருக்கிறார்.

ஒயினை இருவருமே தொடவில்லை. சுவைத்துப் பார்க்க விரும்பும் ஜோடிகள், யார் ஓட்டுவது என்பதை முன்பே முடிவு செய்துகொள்வது நல்லது. 21 வயதுக்குக் கீழே அனுமதி இல்லை. திறந்த பாட்டிலை டிக்கியில்தான் வைக்க வேண்டும்.

திரும்பும்போது 101-ம் எண் நெடுஞ்சாலை. சான் ஹோசேக்கு மூன்று மணி நேரம்தான். ஆனால் வழியில் சலினாஸ் பள்ளத்தாக்கின் லெட்டூஸ் வயல்கள் வந்துவிட்டன. அங்கேயும் ஒதுங்கி நிறுத்த இடம் தேட வேண்டியிருந்ததாம் பெரியப்பாவுக்கு.