ஏழாம் நம்பர் ரோடு

காரிமங்கலத்தைத் தொட்டுப் போகும் நெடுஞ்சாலைக்கு இப்போது 44 என்று பெயர். நம் வயதுக்காரர்களுக்கு அது என்றைக்கும் ஏழாம் நம்பர் ரோடுதான். கன்னியாகுமரியிலிருந்து 2,369 கிலோமீட்டர் போய்க் காசியில் முடிந்த சாலை. கிருஷ்ணகிரிக்கும் சேலத்துக்குமாக ஆயுசு முழுக்க அதில் பஸ்ஸில் போய்வந்த நாங்கள் நாலு பேர், ஓய்வுக்குப் பிறகு காரில் அதன் முனைவரை போனோம்.

ரயிலில் போகலாமே என்றார்கள் பிள்ளைகள். நண்பர் கேட்கவில்லை. பின்சீட்டில், மடியில் மனைவியின் அஸ்திச் சொம்பு.

"காசிக்குக் கூட்டிட்டுப் போறேன்னு முப்பது வருசமா சொன்னேன்பா. ரோட்டையாவது பாக்கட்டும்."

அதற்குமேல் யார் பேசுவது?

அனந்தப்பூர் பக்கம் செம்மண், பாறைக்குன்று, கடலைக்காடு. நம்மூர்தான், ஆனால் முடிகிற வழியைக் காணோம். கர்நூலில் துங்கபத்திரையைக் கடந்தோம். நாக்பூரில் குதிரைச் சிலைகளோடு ஜீரோ மைல் கல்லைப் பார்த்தோம். (டீ மட்டும் வழி நெடுக ஒரே சர்க்கரைப் பாகு.)

நாக்பூர் தாண்டி பெஞ்ச் காடு. அடியில் புலிகள் கடந்துபோகச் சாலையையே தூக்கிக் கட்டியிருக்கிறார்கள். நண்பர் எட்டிப் பார்த்தார்.

"புலிக்கு வழி விட்டுட்டாங்க. நம்ம பக்கத்து ஆனைக்கு?"

மூன்று நாளில் அவர் சிரித்தது அப்போதுதான்.

காசியில் படகில் போய்க் கரைத்தோம். திரும்பும்போது அவராகவே முன்சீட்டில் ஏறிக்கொண்டார். ஒவ்வொரு ஊர்ப் பலகையையும் எழுத்துக்கூட்டி, சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தார்.