பென்டியம் 3 இன்னும் சாகவில்லை!

போர்ட்டபிள் மென்பொருள் என்றால் எல்லாக் கணினியிலும் அப்படியே ஓடும் என்று நினைப்பவரா நீங்கள்? எங்கும் போவது மூல நிரல்தான் நண்பர்களே. கம்பைல் செய்த கோப்பு அல்ல.

எங்கள் வீட்டு பென்டியம் 3-ல்தான் தங்கை தட்டச்சு பழகுகிறாள். புதிய மென்பொருளைப் போட்டால் "இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிடும். காயலான் கடைக்குப் போடச் சொன்னார்கள். ஆனால் கணினியில் கோளாறே இல்லை! 1999-ல் வந்த அந்தச் செயலிக்கு எஸ்எஸ்இ கட்டளைகள் தெரியும்; 2000-ல் பென்டியம் 4-உடன் வந்த எஸ்எஸ்இ2 தெரியாது. ஃபயர்பாக்ஸ்கூட 2016, 2017-ல் எஸ்எஸ்இ2 இல்லாத செயலிகளைக் கைவிட்டுவிட்டது.

வழி ஜிசிசியில் இருக்கிறது. 'மார்ச்=பென்டியம்3' என்று கொடுத்தால் அந்தச் செயலிக்குத் தெரிந்த கட்டளைகளை மட்டுமே பயன்படுத்தும். 'எம்டியூன்' என்பது வேறு. அது வேகத்துக்காக மட்டும், புதுக் கட்டளை எதையும் சேர்க்காது. 'மார்ச்=நேட்டிவ்' என்றால் கம்பைல் செய்யும் கணினியையே அளவாக எடுத்துக்கொள்ளும். கல்லூரி லேபில் அப்படிச் செய்து வீட்டுக்குக் கொண்டுவந்தால் கதை கந்தல்!

ஆகவே லேபில் கான்ஃபிகர் ஓட்டும்போது, ஹோஸ்ட் ஐ686 என்று சொல்லி, 'எம்32', 'மார்ச்=பென்டியம்3' இரண்டையும் சிஃப்ளாக்ஸில் கொடுத்தேன். கூடவே இணையும் லைப்ரரிகளையும் அப்படியே கம்பைல் செய்ய வேண்டும். அதில் ஒன்று எஸ்எஸ்இ2 கேட்டாலும் போச்சு. ஒரு ராத்திரி வேலை. எடிட்டர் ஓடியது.

லினக்ஸ் போட்ட பழைய கணினி உங்களிடமும் இருந்தால், எடைக்குப் போடும் முன் சிபியூஇன்ஃபோ கோப்பில் 'ஃப்ளாக்ஸ்' வரியை ஒருமுறை படித்துப் பாருங்கள்.