கூழ்முட்டை

வகுப்பறையிற் “கூழ்முட்டை” என்னும் சொல்லைத் தாராளமாக வழங்கியவன் நான். அச்சொல்லின் பொருளை எனக்கு உணர்த்தியவர், மிருகக்காட்சிச்சாலையொன்றிற் பாம்புகளைப் பேணும் நம் பழைய மாணவர் ஒருவர்.

வெங்கிணாந்தி இட்ட 20 முட்டைகளை அவர் அடைகாக்கும் பெட்டியில் வைத்திருந்தார். இயற்கையில் தாய்ப்பாம்பே அவற்றைச் சுற்றிக்கிடந்து, தசைகளைத் துடிக்கச்செய்து சூடேற்றும். ஏறக்குறைய இரண்டு மாதத்திற் குஞ்சுகள் வெளிவரும்.

ஆறு முட்டைகள் குழிந்திருந்தன; சிலவற்றிற் பூஞ்சணமும் படர்ந்திருந்தது. “எறிந்துவிடலாமே” என்றேன். அவர் இசையவில்லை. பாம்பு முட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வன. வலிந்து பிரித்தால் நல்ல முட்டையின் தோலும் கிழியும். கோழிமுட்டையைப்போலப் புரட்டினாலோ கரு மாளக்கூடும். ஆதலால், இருந்தபடியே மின்சூளின் ஒளியை அணைத்துப் பார்த்தார். ஒன்றிற் செந்நாளங்கள் தெரிந்தன. ஈரங்குறைந்து வாடிய முட்டை அது. ஈரமூட்டியபின் தேறிப் பொரித்தது.

ஏனைய ஐந்தையும் இறுதியிற் பிளந்து நோக்கினார். இரண்டிற் கருவேயில்லை. மூன்றிற் கரு வளர்ந்து மாண்டிருந்தது. “வெப்பத்திலோ ஈரத்திலோ நான் தவறியிருக்கலாம், ஐயா” என்று கூறிக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

பல்லாண்டுகளுக்கு முன், என்னிடம் அவ்வேச்சைக் கேட்ட மாணவன் ஒருவன் மறுதவணை வகுப்பிற்கு வரவில்லை. ஏனென்று நான் விசாரிக்கவுமில்லை. அப்பிழையை இம்மலரில் இன்று எழுதிவைக்கின்றேன்.